வைப்பினுக்குப் போன படகு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போதெல்லாம் பேச்சு முழங்கால் வலியில் போய் நின்றுவிடுகிறது. இல்லையென்றால் யார் பிள்ளை எந்த நாட்டில் என்பதில். போன வாரம் கல்யாண மண்டபம் ஒன்றில் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்தவள் கேட்டாள், "நீ மொதமொதல்ல பாத்த பெரிய ஊரு எது பிள்ளே?" மற்றவர்கள் மதுரை என்றார்கள், சென்னை என்றார்கள். நான் கொச்சி என்றேன். "அங்க உனக்கு யாரு இருந்தா?" என்றாள். யாரும் இல்லை. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவியலும் எரிசேரியும் நடுவில் வந்தால் யார் கதை கேட்கப் போகிறார்கள்? அதனால் இங்கே சொல்கிறேன். நீங்களும் கதவுக்குப் பின்னால் நின்று பெரியவர்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வீடு நாகர்கோவில் பக்கம் தோவாளையில். அப்பாவுக்குப் பூ வியாபாரம். கோழி கூவும் முன்னே சந்தைக்குப் போய்விட்டு வெயில் ஏறித் திரும்பி வருவார். அவர் சட்டையைக் கொடியில் போட்டால் பிச்சிப்பூவும் வியர்வையும் கலந்த ஒரு வாசனை முற்றம் முழுக்க நிற்கும். வீட்டை நடத்தியது அப்பாவின் அக்கா, என் அத்தை. சின்ன வயதிலேயே கணவரை இழந்து, குழந்தை இல்லாமல், தம்பி வீட்டுக்கு வந்தவள். உப்பு ஜாடி எங்கே இருக்க வேண்டும் என்பதிலிருந்து நான் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க வேண்டும் என்பதுவரை அவள் சொன்னதுதான்.

அம்மா மேற்கே, கேரள எல்லையோரத்து அருமனைக்காரி. பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவள். தண்ணீரை வெள்ளம் என்பாள். ஒன்று நன்றாக இருந்தால் "கொள்ளாம்" என்பாள். அவள் வாயைத் திறந்தால் தெருப் பெண்கள் அதே ராகத்தில் இழுத்துப் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல, ஒரு விளையாட்டுக்குத்தான். ஆனால் தினமும் அந்த விளையாட்டு நடந்தது. அம்மா மெல்ல மெல்ல எங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாறிக்கொண்டாள். மாறியபோது பேச்சே பாதியாகக் குறைந்துவிட்டது. அது அன்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த வருடம் தை மாதத்தில் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். நெய்யூர் ஆஸ்பத்திரியில் பிறந்து, வெள்ளைத் துணியில் சுற்றி, வாடகைக் காரில் வீட்டுக்கு வந்தான். அவன் விரலை என் விரலால் தொட அத்தை ஒரே ஒரு தடவைதான் விட்டாள். பெயர் வைக்கும் நாள் வருவதற்கு முன்னே காய்ச்சல் கண்டு போய்விட்டான். என்னை அடுத்த வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது தொட்டில் இல்லை. பால் புகட்டும் சங்கு இல்லை, வசம்பு வளையல் இல்லை, சாம்பிராணிச் சட்டி இல்லை. அவன் வந்ததற்கான அடையாளம் ஒன்றுகூட வீட்டில் இல்லை.

எல்லாம் அத்தை செய்த ஏற்பாடு. "நெனப்பு வராம இருந்தாத்தான் அவ தேறுவா. ஒருத்தரும் அந்தப் பேச்ச எடுக்கப்பிடாது" என்று வீட்டுக்கும் தெருவுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். கைக்குழந்தைக்காரிகள் எங்கள் வீட்டுப் படி ஏறுவதில்லை. நான் ஒரு நாள் மறந்துபோய் "தம்பி" என்று தொடங்கியபோது அத்தை என் வாயைப் பொத்திய வேகத்தில் வெங்காய மணம் மூக்கில் ஏறியது. அப்பாவும் அதுதான் சரி என்று நினைத்தார். அவரும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு வைப்பாள், துணி மடிப்பாள், எனக்குப் பின்னல் போடுவாள். கேட்டதற்கு "ம்" என்பாள். அவ்வளவுதான்.

பெரிய லீவு தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம், நான் குதிருக்குப் பின்னால் சோழி தேடிக்கொண்டிருந்தபோது, அத்தை அப்பாவிடம் பேசியதைக் கேட்டேன்.

"இப்பிடியே போனா பிள்ளையும் வாடிப் போகும் தம்பி. கொஞ்ச காலம் அவ அம்மை வீட்டுல இருக்கட்டும். பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்."

"கொண்டுபோய் விட்டா, தள்ளிவிட்டாங்கன்னு நெனச்சிர மாட்டாளாக்கா?"

"கொச்சியில உனக்க யாவாரி வா வான்னு கூப்பிடுதாரு இல்லா? கூட்டிட்டுப் போய்க் கப்பலக் காட்டு. நானும் வாறேன். மனசு மாறிச்சுன்னா நல்லது. இல்லேன்னா வாற வழியில திருவனந்தபுரத்துல அருமனை பஸ்ஸு நிக்கும், அதுல கூட்டிட்டுப் போய் விட்டுரு."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம். திருவனந்தபுரம் திரும்பி வருவதற்குள் அம்மாவைப் பேச வைத்துவிட வேண்டும் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

ஒரு தகரப் பெட்டி, அத்தையின் பித்தளைக் கூஜா, முறுக்கு டின், எனக்கு வாங்கிய புதுச் சிவப்பு ரப்பர் செருப்பு. இவைதான் எங்கள் பயணச் சாமான்கள். திருவனந்தபுரம் வரை பஸ், அங்கிருந்து ரயில். ஜன்னலுக்கு வெளியே காயலும் தென்னையும் வந்துகொண்டே இருந்தன. வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு ஒருவர் சின்ன வள்ளத்தில் போனார். "அம்மா, வாத்து!" என்றேன். அம்மா பார்த்தாள். "ம்" என்றாள்.

எர்ணாகுளத்தில் அப்பாவிடம் பூ வாங்கும் வியாபாரி ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். படகுத் துறைக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்துக் கொடுத்து, முதல் நாள் முழுக்க அவரே எங்களைச் சுற்றிக் காட்டினார். அப்பா வருடக்கணக்காக மலையாளிகளோடு வியாபாரம் செய்தவர். ஆனால் அவருக்குத் தெரிந்த மலையாளம் எல்லாம் எடையும் விலையும்தான். சாயாக்கடையில் எனக்குப் பால் கேட்பதற்குள் அவர் பட்ட பாட்டைப் பார்த்து வியாபாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா கேட்டிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளுக்கு அலுப்புக் கொடுக்கக் கூடாது என்று அத்தை உத்தரவு போட்டிருந்தாள்.

துறைமுகத்தில் கப்பலைப் பார்த்தேன். முதலில் அதைக் கப்பல் என்றே நான் நினைக்கவில்லை. கறுப்பும் துருவுமாக ஒரு பெரிய மதில் என்றுதான் நினைத்தேன். அண்ணாந்து பார்த்தபோது மதிலின் உச்சியில் ஒரு வெள்ளைக்காரர் ஈரப் பனியனை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய கப்பலில் வருகிறவர்களும் துணி துவைத்துத்தான் ஆக வேண்டும் என்பது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. அதை அம்மாவிடம் சொன்னேன். அவள் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. அதற்குள் அத்தை, "வெயிலு பிள்ளே, முந்தானைய தலையில போடு" என்று அவளை நிழலுக்கு இழுத்துப் போய்விட்டாள்.

மட்டாஞ்சேரியில் கிட்டங்கி கிட்டங்கியாகச் சுக்கு, மிளகு, மஞ்சள். தெருவே காரமாக இருந்தது. அத்தைக்குத் தும்மல் பிடித்துக்கொண்டு நிற்கவே இல்லை. தெருக்கோடியில் யூதர்களின் கோயில். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் கண்ணாடி விளக்குகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. தரை முழுக்க வெள்ளையில் நீலம் தீட்டிய ஓடுகள். கப்பலில் சீனாவிலிருந்து வந்தவை, கையால் வரைந்தவை, ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது என்றார் வியாபாரி. நான் அம்மாவின் கையைப் பிடித்து, "ரெண்டு ஒண்ணு போல இருக்கான்னு பாப்போமாம்மா?" என்றேன். அம்மா என்னோடு குனிந்து குனிந்து நடந்தாள். வீடு, மரம், ஆறு, மேகம். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று மாறியிருந்தது. ஒரு மூலையில் நின்று ஓர் ஓட்டைக் காட்டினாள். அதில் மட்டும் வரைந்தவரின் தூரிகை நழுவி ஒரு சொட்டு நீலம் தனியாக விழுந்திருந்தது. வாய் திறக்கவில்லை. ஆனால் அவளாகவே எனக்கு ஒன்றைக் காட்டினாள். அன்று நான் சந்தோஷத்தோடு தூங்கினேன்.

மறுநாள் வியாபாரிக்குக் கடையில் வேலை. "நாங்களே பாத்துக்கிடுதோம்" என்று அப்பா சொல்லிவிட்டார். கோட்டைக் கொச்சிக்குப் படகில் போய்ச் சீன வலை பார்ப்பது, மத்தியானம் திரும்பி ரயில் ஏறுவது என்று திட்டம். படகுத் துறையில் ஒரே கூட்டம், எல்லாப் பலகையும் மலையாளம். அப்பா ஒரு வரிசையில் போய் நின்று, எதையோ சொல்லி, எப்படியோ டிக்கெட் வாங்கிவிட்டார். படகில் ஏறும்போது பலகைக்கும் துறைக்கும் நடுவில் என் இடது கால் செருப்பு நழுவித் தண்ணீரில் விழுந்தது. சிவப்பாகக் கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு இன்னொரு படகின் அடியில் போனது. அழுவதற்குக்கூட நேரமில்லை, பின்னால் ஆள் தள்ளினார்கள்.

படகு கிளம்பும் மணி அடித்துவிட்டது. அந்த நேரம் துறையில் ஒரு பெண் ஓடி வந்தாள். ஒரு தோளில் துணிப்பை, ஒரு கையில் மண்ணெண்ணெய் டின், இடுப்பில் ஏழெட்டு மாதக் குழந்தை. ஏறுவதற்குக் கை இல்லை. படகின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் அம்மா. அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. "சேச்சி, ஒண்ணு பிடிக்கணே!" என்று குழந்தையை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, டின்னைத் தூக்கி உள்ளே போட்டு, தாவி ஏறினாள்.

அத்தை எழுந்துவிட்டாள். "குடு பிள்ளே, இங்க குடு, நான் வச்சிருக்கேன்" என்று கையை நீட்டினாள். மாதக்கணக்காக எதை அம்மாவின் கண்ணில் படாமல் காத்தாளோ அது இப்போது அம்மாவின் மடியில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது.

அம்மா கொடுக்கவில்லை. அவள் கை தானாகவே குழந்தையின் கழுத்துக்குக் கீழே போய்த் தாங்கியிருந்தது.

அப்பா அத்தையின் முழங்கையைப் பிடித்தார். "அக்கா, இரி" என்றார். அத்தையிடம் அப்பா அந்தக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. அத்தை உட்கார்ந்தாள்.

குழந்தை அம்மாவின் தாலிச் சரட்டைப் பிடித்து வாயில் வைத்தது. எச்சில் ஒழுகியது. அந்தப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தையைத் திரும்ப வாங்க அவளுக்கு அவசரமில்லை. கொஞ்சம் கை ஓயட்டும் என்று தோன்றியிருக்கும். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, எல்லாப் பெண்களும் எல்லாப் பெண்களிடமும் கேட்பதைக் கேட்டாள். "எத்ர மக்களா?"

எத்தனை பிள்ளைகள். எனக்கு அது புரிந்தது. அத்தைக்கும் புரிந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரண்டு" என்றாள் அம்மா. குரல் கரகரத்தது. பிறகு என்னைக் காட்டி, "ஒராள் இவிடெ" என்றாள். உதைக்கும் குழந்தையின் காலைக் கையில் பிடித்துக்கொண்டாள். "மற்றேயாள் போயி."

ஒருத்தி இங்கே இருக்கிறாள். இன்னொருவன் போய்விட்டான்.

அந்தப் பெண் "ஐயோ" என்று சொல்லவில்லை, பேச்சை மாற்றவும் இல்லை. அம்மாவின் முழங்காலில் கையை வைத்து, "எந்து பற்றி?" என்று கேட்டாள். என்ன ஆயிற்று. அவ்வளவுதான் கேட்டாள். அம்மா சொல்லத் தொடங்கினாள். அடைபட்டிருந்த மடை திறந்தால் தண்ணீர் முதலில் கலங்கி வரும், பிறகு தெளியும். அப்படித்தான் வந்தது. மலையாளத்தில், அருமனைப் பேச்சில், இரண்டும் கலந்து. எனக்குப் பாதிதான் விளங்கியது. அவன் தூக்கத்தில் சிரித்ததைச் சொன்னாள். இடது பக்கம் ஒருக்களித்தால்தான் உறங்குவான் என்று சொன்னாள். அவள் மட்டும் அவனைக் கூப்பிட்ட ஒரு செல்லப் பெயர் இருந்தது. அதை அன்றுதான் நான் முதல் தடவையாகக் கேட்டேன். அதை இங்கே எழுத மாட்டேன், அது எங்கள் வீட்டோடு இருக்கட்டும். அம்மா அழுதாள். அழுதுகொண்டே குழந்தையின் எச்சிலைத் துடைத்தாள். படகு குறுக்கே ஆடி ஆடிப் போயிற்று. நான் ஒற்றைச் செருப்போடு அவள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா காயலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படகு கரையில் தட்டியது. அப்பா இறங்கிச் சுற்றிப் பார்த்தார். "இங்க கோட்டையும் இல்ல, ஒண்ணும் இல்லையே" என்றார். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். இது வைப்பின் தீவு. கோட்டைக் கொச்சி எதிர்க்கரை.

"இது வைப்பின் போற படகுன்னு பலகையில எழுதியிருந்துதே" என்றாள் அம்மா.

"பின்ன நீ ஏன் பிள்ளே பறையல்ல?" என்றார் அப்பா. அவர் வாயிலிருந்து அம்மாவின் ஊர் வார்த்தை எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"என்கிட்ட ஒருத்தரும் கேக்கலியே" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சின்னச் சிரிப்புதான். எனக்கு அது கப்பலைவிடப் பெரிதாக இருந்தது.

அதன் பிறகு அன்றைக்கு வழிகாட்டி அம்மாதான். அந்தப் பெண் எங்களை அக்கரைக்குப் போகும் படகுவரை கூட்டிக்கொண்டு வந்து, அம்மாவின் கன்னத்தைத் தொட்டு விடைபெற்றாள். அவள் பேர்கூட எங்களுக்குத் தெரியாது. அக்கரையில் சீன வலைகள் பிரம்மாண்டமான வெட்டுக்கிளிகள் போலத் தண்ணீரில் கால் வைத்து நின்றன. ஒரு பக்கம் வலை, மறுபக்கம் பலாப்பழம் பலாப்பழமாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட கற்கள். அம்மா வலைக்காரர்களிடம் என்ன பேசினாளோ, "வா, வலிச்சு நோக்கு" என்று, கயிற்றை இழுத்துப் பார்க்கச் சொல்லி, எங்களைப் பலகை மேல் ஏற்றிவிட்டார்கள். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். நான் பிடித்தேன். அப்பா பிடித்தார். வலை மெல்ல எழுந்து வானத்தில் சொட்டிக்கொண்டு நின்றது. உள்ளே கொஞ்சம் பொடிமீனும், கோபமான ஒரு நண்டும்.

அப்போது முகத்துவாரத்தில் கறுத்த முதுகுகள் வளைந்து எழுந்து மறைந்தன. "கடல்பன்னி!" என்று கத்தினாள் அம்மா. டால்பினுக்கு அங்கே அப்படித்தான் பேர்.

"பன்னியா? கடலுக்குள்ளயா?" என்று கேட்ட அத்தை இரண்டடி பின்வாங்கினாள். அம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். அத்தை அவளைப் பார்த்தபடியே நின்றாள். எனக்கு அன்று அது கோபப் பார்வையாகத்தான் தெரிந்தது. பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதமாக ஒருவரைக் குணமாக்க நினைத்துத் தவறான மருந்தையே கொடுத்துவிட்டோம் என்று தெரிந்துகொள்ளும்போது ஒரு மனுஷியின் முகம் அப்படித்தான் ஆகும் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது.

ராத்திரி ரயிலில்தான் ஏற முடிந்தது, அதில் அம்மா களைத்துத் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு நாள் சிரிப்பு போதுமா, பெரியவர்கள் கணக்கில் அது சேருமா என்று தெரியவில்லை. மறுநாள் திருவனந்தபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது அருமனை பஸ் எதிரிலேயே நின்றது. நான் அம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டேன்.

அம்மா அந்த பஸ்ஸைப் பார்த்தாள். பிறகு அத்தையைப் பார்த்தாள். "மைனி, எனக்கு அம்மையப் பாக்கணும்தான்" என்றாள். "ஆனா இப்போ இல்ல. பள்ளிக்கூடம் தொறக்கதுக்கு முன்ன, எனக்க பிள்ளையையும் கூட்டிட்டுப் போறேன். இவங்களே கொண்டு போய் விடட்டும், இவங்களே வந்து கூட்டிட்டும் வரட்டும்" என்று அப்பாவைக் காட்டினாள்.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பேசாமல் இருப்பவர்களுக்குக் காதும் கேட்காது என்று நாங்கள் நினைத்துவிட்டோம். அத்தை தரையைப் பார்த்தாள். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "நாகர்கோவில் பஸ்ஸு அந்தப் பக்கம்" என்றார்.

பின்பக்கம் மூன்று பேர் சீட்டில் நான் நடுவில், இரண்டு பக்கமும் அப்பாவும் அம்மாவும். முன் சீட்டில் அத்தை, கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு தனியாக. ஊர் தாண்டிக் காற்று வரத் தொடங்கியது. அப்பா என் தலைக்கு மேலாக, யாரோ புது ஆளிடம் கேட்பதுபோலத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அவன் யாரப் போல இருந்தான்? நான் சந்தை சந்தைன்னு ஓடிட்டு, பயல நல்லா ஒருக்கப் பாக்கக்கூட இல்ல."

அம்மா ஜன்னலிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள். "மூக்கு உங்களுக்கதுதான். கரையும்போது செவந்து போவும்" என்றாள். அழும்போது என்று சொல்லவில்லை. அவள் ஊர் வார்த்தையையே சொன்னாள். அப்பா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. எனக்கு அவரைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

முன் சீட்டிலிருந்து, திரும்பிப் பார்க்காமலே, அத்தையின் குரல் வந்தது.

"காது மட்டும் எங்க அப்பாவுக்க காது. ஓரம் மடிஞ்சு, இலை போல. நான் குளுப்பாட்டும்போதெல்லாம் பாப்பேன்."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. அம்மா எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆடும் பஸ்ஸில் இரண்டடி நடந்து, முன் சீட்டில் அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நாகர்கோவில் வருவதுவரை அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள்.